வருஷக் கடைசியில் ஒரு கழித்தல் குறி

எங்கள் ஆய்வக லிஃப்டில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றுதான் பொத்தான் இருக்கும். நாலு கிடையாது. எங்கள் மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும், அதனால் நாலு சாவுக்குச் சொந்தக்காரன், அவனை வீட்டுக்குள் விடமாட்டோம். எண்களை ஆராய்வதற்கென்றே அரசாங்கம் காசைக் கொட்டிக் கட்டிய கட்டடத்தில் மூன்றுக்கு அடுத்தது ஐந்து. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் தினமும் அந்தப் பொத்தானை அமுக்கி மேலே போகிறார்கள், ஒருத்தர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

என் பெயர் வெங் மெய்-சு. ஷின்ச்சுவில் இருக்கும் இந்தப் பேரெண் ஆய்வகத்தில் பொதுப்பணிப் பிரிவில் இருக்கிறேன். விருந்துக்கு மேசை பிடிப்பது, சிவப்புத் துணி வாங்குவது, எந்த அதிகாரிக்குப் பக்கத்தில் எந்த அதிகாரியை உட்கார வைக்கக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்வது, இதுதான் என் ஆராய்ச்சி. கணக்கு எனக்கு வராது. இங்கே வேலை பார்க்க அது தேவையும் இல்லை.

கணக்கு வந்தவன் ஒருத்தன் நிலவறையில் இருந்தான். லாய் பின்-ஹோங். ஒப்பந்த ஊழியன். வருஷக் கடைசி விருந்து முடிந்ததும்தான் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அதுவரைக்கும் அவன் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. மனைவி சு-ஹுவெய்யும் மகளும் தெற்கே சியாயியில், மாமனார் வீட்டில். நிரந்தர ஊழியனுக்குத்தான் குடியிருப்பு. இவனுக்கு ஒரு கட்டில் அகலத்துக்கு வாடகை அறை. மகள் பள்ளிக்கூடத்தில் 'அப்பா வேலை என்ன' என்று டீச்சர் கேட்டதற்கு 'சனிக்கிழமை வருவார்' என்று சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

நிலவறையில் வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் சோளப்பொரி. பச்சைதான் வைக்கணும், அப்போதுதான் இயந்திரம் சமர்த்தாக ஓடும். மஞ்சள் வைத்தால் மக்கர் பண்ணும். தேதி தாண்டின பொட்டலமும் ஆகாது. இதைக் கவனிக்க எங்களிடம் பொட்டலக் காலாவதிக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. தலைவர் முனைவர், உறுப்பினர்கள் மூன்று பேரும் முனைவர்கள். எங்கள் ஆய்வகத்தில் தவறாமல் கூடிய ஒரே குழு அதுதான்.

லாய் தேடியது பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். அவன் எனக்கு விளக்கின விதத்தில் சொல்கிறேன். இரண்டை இரண்டால் பெருக்கு. வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கு. இப்படியே கோடிக்கணக்கான தடவை பெருக்கிக்கொண்டே போ. கடைசியில் அதிலிருந்து ஒன்றைக் கழி. அப்படிக் கழித்து வருகிற எண் எப்போதாவது, ஷின்ச்சுவில் மழையும் பெய்யாமல் காற்றும் அடிக்காமல் இருக்கிற நாள் மாதிரி அபூர்வமாக, பகா எண்ணாக அமையும். எத்தனை தடவை பெருக்கினால் அமையும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மாதா மாதம் அவன் மேலே அறிக்கை அனுப்பணும். அதில் ஒரே ஒரு கட்டம்: 'இம்மாதம் வகுபட்ட எண்கள்'. வகுபட்ட எண் என்றால் தேறாத எண், குப்பையில் போட வேண்டிய எண். ஆனால் மேலே இருப்பவர்களுக்கு எண்ணிக்கை இருந்தால் போதும். ஒன்பது வகுபட்டது என்று எழுதினால் 'நன்று' என்று முத்திரை விழும். பன்னிரண்டு என்றால் 'மிக நன்று'. இப்படித் தோற்றுத் தோற்றே அவன் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, நான் சோயாப் பாலும் முட்டை ரொட்டியுமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். லாய் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அக்கா, வகுபடலை."

"என்னப்பா வகுபடலை?"

"எண்ணுக்கா! ரெண்டு இயந்திரத்துல, ரெண்டு விதமாப் போட்டுப் பார்த்துட்டேன். எதாலயும் வகுபடலை. நாலு கோடி இலக்கம். ஏழுல முடியுது. உலகத்துல இதுவரைக்கும் யாரும் இதைப் பார்த்ததில்லக்கா." சொல்லிக்கொண்டே என் முட்டை ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டான். தின்றது அவனுக்கே தெரியவில்லை.

ஆய்வக விதிகளில் ஒன்று இருக்கிறது. புதுப் பகா எண் கண்டுபிடிக்கும் ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்கிக் குடியிருப்பும் தர வேண்டும். இங்கே யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் யாரோ எழுதி வைத்த விதி. அதை லாய் மனப்பாடமாக வைத்திருந்தான். அன்றைக்கே மனைவிக்குப் போன் போட்டு, மகளுக்கு ஷின்ச்சுவில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

மாத முடிவில் உதவி இயக்குநர் யென் அவனைக் கூப்பிட்டார். கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"என்ன லாய், இந்த மாசம் பூஜ்யம் போட்டிருக்க?"

"சார், இந்த மாசம் வகுபடாத எண் கிடைச்சிடுச்சு சார். பகா எண்!"

"கிடைச்சது இருக்கட்டும்பா. வகுபட்டது எத்தனை?"

"ஒண்ணும் இல்ல சார். அதாவது, வகுபடலைங்கறதுதான்..."

"போன மாசம்?"

"ஒன்பது."

"அப்போ சரிஞ்சிருக்கு." யென் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திடீர்னு ஏன் இப்படிச் சுணக்கம்? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

அந்த மாத முத்திரை: 'திருப்தி இல்லை'. தோற்றபோதெல்லாம் தட்டிக்கொடுத்தார்கள். ஜெயித்ததும் எச்சரிக்கைக் கடிதம்.

ஆனால் பத்திரிகையில் பேர் வருகிற சமாசாரம் இது என்று யாரோ யென் காதில் போட்டிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் மதிப்பீட்டுக் கூட்டம் கூடியது. இயக்குநர் ஷியாவ் தலைமை, தேநீர் ஊற்ற நான். இவர் மீன் ஏற்றுமதித் துறையிலிருந்து எங்களுக்கு வந்தவர். எண்ணிக்கை என்றால் பெட்டிக் கணக்கு என்றே நினைப்பார்.

"இந்த எண்ணை யாருமே வகுக்க முடியாதா?" என்று ஷியாவ் கேட்டார்.

"முடியாது சார்," என்றான் லாய்.

"நம்ம அமைச்சகம் நினைச்சாலும்?"

"முடியாது சார்."

"அமைச்சரே நினைச்சா?"

லாய் வாயைத் திறப்பதற்குள் யென் குறுக்கே புகுந்தார். "அமைச்சர் விரும்பினா பரிசீலிக்கலாம் சார்."

ஷியாவ் தலையாட்டினார். "என் கவலை என்னன்னா, இது ஒத்துழைக்காத எண்ணா இருக்கே. நம்ம குறிக்கோள் கூட்டு முயற்சி. எதோடயும் சேராத, யாருக்கும் பங்கு தராத ஒரு எண்ணை நாம முன்னால நிறுத்தினா மக்களுக்கு என்ன சொல்றோம்?"

இதற்கு யென் ஒரு வழி கண்டுபிடித்தார். எண் பங்கு தராவிட்டால் என்ன, சான்றிதழ் தரும். கண்டுபிடித்தவர்கள் என்று பேர் சேர்க்க ஆரம்பித்தார்கள். முதல் பேர் ஷியாவ். அடுத்தது யென். பொட்டலக் குழு முழுசாக உள்ளே வந்தது, இயந்திரம் நிற்காமல் ஓடியது அவர்களால்தானே. நிதிப் பிரிவு வந்தது, சட்டப் பிரிவு வந்தது. ஷியாவின் மச்சான் ஒருவர், எதற்கு என்று தெரியவில்லை, வந்தார். தாள் நிறைந்துவிட்டது. கடைசி வரியில் கொஞ்சம் இடம். 'மற்றும் ஒருவர்' என்று போட்டார்கள்.

"அந்த ஒருவர் நீதான் லாய். எல்லாருக்கும் தெரியுமே," என்றார் யென்.

வெளியே வந்ததும் நான் கொதித்தேன். "ஏன்டா, உனக்கு வாய் இல்லையா? நீ பெத்த பிள்ளைக்கு ஊரெல்லாம் அப்பன்னு எழுதறாங்க, நீ தலையாட்டிட்டு வர்றியே!"

"வேலை கிடைச்சாப் போதும்கா," என்றான். "என் எண் எனக்குத் தெரியும். பேர் எதுக்கு? யு-ஹானைப் பள்ளிக்கூடத்துல நானே கொண்டு விடணும், அவ்வளவுதான்." யு-ஹான் அவன் மகள்.

எண்ணை வருஷக் கடைசி விருந்தில் வெளியிடுவது என்று முடிவானது. நாலு கோடி இலக்கத்தை மேடையில் தொங்கவிடும் துணியில் எழுத முடியாது என்பதால் சுருக்கமாக, இரண்டு, அதன் தலையில் எத்தனை தடவை பெருக்குவது என்ற சின்ன எண், பக்கத்தில் கழித்தல் ஒன்று. அவ்வளவுதான். மாதிரியை ஷியாவ் கையில் எடுத்துப் பார்த்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன?"

"கழித்தல் குறி சார்," என்றார் யென்.

"வருஷக் கடைசியில, சிவப்புத் துணியில, அமைச்சர் முன்னால, கழித்தலா? யாருக்குக் கழியணும்னு வேண்டிக்கறீங்க? அதுவும் முடியறது ஏழுல. ஏழாம் மாசம்தான் பேய்கள் உலவற மாசம். அந்த ஒண்ணைக் கழிக்காம விட்டா எதுல முடியும்?"

யென் விரலை மடக்கிப் பார்த்தார். "எட்டுல சார்."

"எட்டு!" ஷியாவ் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு எங்கள் ஊரில் செல்வம். "கைக்கு வர்ற எட்டை வேண்டாம்னு தள்ளி ஏழு ஆக்கியிருக்கான் பாருங்க அந்த ஆள். எடுங்க அந்தக் கழித்தலை."

உதவி இயக்குநர் யென் கணிதத்தில் முனைவர். எனக்கே தெரியும், எட்டில் முடிகிற எண்ணை இரண்டால் வகுக்கலாம் என்று. அவர் மாதிரியை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு துணிக்கடைக்குத் தாமே போன் போட்டு, "அந்தச் சின்னக் கோடும் பக்கத்துல இருக்கிற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பத்திரிகைக் குறிப்பையும் தாமே திருத்தினார். நாலு கோடி இலக்கம் என்பதை, நாலு வருகிறதே என்று, மூன்றே முக்கால் கோடி என்றும் ஆக்கினார்.

விருந்தில் ஒவ்வொரு மேசைக்கும் முழுக் கோழி ஒன்று தலையோடு வரும். அந்தத் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை. பழைய வழக்கம். இந்தக் காலத்து முதலாளிகள் தலையை வெட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஷியாவ் தலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார், மரபாம். எங்கள் மேசை சுழலும் மேசை. கோழி வந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஆள் ஒற்றை விரலால் மேசையைத் தள்ளினார்கள். யாரும் கோழியைப் பார்க்கவில்லை, எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டே தள்ளினார்கள். நிதிப் பிரிவுக்காரர் ஒரு தள்ளு தள்ளினார், கோழி சட்டப் பிரிவைப் பார்த்தது. சட்டப் பிரிவு வெடுக்கென்று திருப்பியது. லாய் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தான். துணியைத் திறக்கப் போகிறார்களே.

திறந்தார்கள்.

அவன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். "அக்கா, ஒண்ணைக் காணோம்," என்றான். "ஒண்ணைக் காணோமே அக்கா."

ஷியாவ் பேச ஆரம்பித்துவிட்டார். "மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களே! இந்த எண்ணை எந்தச் சக்தியாலும் வகுக்க முடியாது. நம்ம ஆய்வகமும் அப்படித்தான். வெளியிலேர்ந்து யாரும் நம்மளை வகுக்க முடியாது. தேவைப்பட்டா நாமே பிரிச்சுக்குவோம். இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த எண் எட்டுல முடியறது தற்செயல் இல்லை, சரியான தலைமை இருந்தா எண்ணுக்கும் நல்ல புத்தி வரும்!"

கைதட்டல். கூடத்தில் இருந்த முனைவர்களை நான் நோட்டம் விட்டேன். எல்லார் கண்ணும் துணியில் இருந்தது. எல்லார் கையும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

லாய் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். மது வாழ்த்துச் சொல்லப் போகிறவன் மாதிரி இயக்குநர் மேசைக்குப் போய்க் குனிந்தான். நானும் ஜாடியோடு பின்னால் போனேன்.

"சார், துணியில தப்பு வந்திருக்கு. ஒண்ணைக் கழிக்கணும் சார். இப்ப இருக்கறது வெறும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு. உலகத்துலயே நல்லா வகுபடற எண் அதுதான் சார்."

"ஒண்ணுதானே லாய்," என்று ஷியாவ் சிரித்தபடி சொன்னார், அமைச்சருக்குக் கேட்காத குரலில். "அத்தனை கோடி இலக்கத்துல ஒண்ணே ஒண்ணு. அதுகூட விட்டுக்கொடுக்கக் கூடாதா? குடி, குடி."

அவன் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குள் கோழி அவனுடைய காலி நாற்காலியைப் பார்த்து நின்றிருந்தது. மேசையில் எல்லாருக்கும் நல்ல பசி வந்து, மளமளவென்று சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் மதியமே தொலைக்காட்சியில் சந்தி சிரித்தது. செய்தி வாசிக்கிற பெண் துணியின் படத்தைக் காட்டி, "உலகின் மிகப் பெரிய பகா எண், எட்டில் முடிகிறதாம்" என்று சொன்னவள், அடுத்த செய்தியைப் படிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தையில் கீரைக்காரி என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "அந்த ஆபீசா? இந்தா, ரெண்டு கட்டு. ரெண்டா வகுக்க முடியுதான்னு நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள். அமைச்சகத்திலிருந்து போன் வந்தது. ஷியாவ் நின்றுகொண்டே பேசினார்.

அவசரக் கூட்டம். இதற்கு எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள்.

"நான் அன்னிக்கே கேட்டேன், கழித்தல் குறி எங்கேன்னு," என்றார் ஷியாவ்.

"ஆமா சார், கேட்டீங்க," என்றார் யென். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அப்புறம் பேர்கள் உதிர ஆரம்பித்தன. பொட்டலக் குழு தங்கள் பொறுப்பு பொட்டலத்தோடு முடிந்தது என்றது. நிதிப் பிரிவு தங்கள் பேர் அனுமதி இல்லாமல் போடப்பட்டது என்றது. மச்சான் தமக்கு எண்களே பழக்கமில்லை என்றார். சட்டப் பிரிவு எல்லாருக்கும் விலகல் வாசகம் எழுதிக் கொடுத்து, கடைசியில் தானும் விலகிக்கொண்டது. யென் விலகினார். ஷியாவ் கனத்த மனசோடு விலகினார். கடைசி வரியில் 'மற்றும் ஒருவர்' மட்டும் மிச்சம். அதை அடித்துவிட்டு, முத்து முத்தான எழுத்தில் முழுப் பேரும் எழுதிப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்கள்: லாய் பின்-ஹோங்.

கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"சார், இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒண்ணைக் கழிச்சிட்டாப் போதும். நம்ம எண் சரியான எண் சார். யார் வேணாலும் சோதிச்சுப் பார்க்கட்டும்."

"இப்பக் கழிச்சா, முன்னாடி கழிக்கலைன்னு ஆகும்," என்றார் ஷியாவ். "கழிக்கலைன்னா, யார் கழிக்கலைன்னு கேப்பாங்க. எண் தப்பா இருக்கலாம் லாய். ஆய்வகம் தப்பா இருக்கக் கூடாது."

"அப்ப வெளியில நானே சொல்லிடறேன் சார்."

"எப்படிச் சொல்லுவ? நம்ம இயந்திரத்துல வந்த எண், நம்ம சொத்து. சட்டப் பிரிவு அதைப் பூட்டிட்டாங்க."

லாய் தாளில் தன் பேர் இருந்த வரியைப் பார்த்தான். பிறகு, பாவி, நம்பிக்கையோடுதான் கேட்டான். "சார், கண்டுபிடிச்சது நான் மட்டும்தான்னு இப்ப எழுத்துல இருக்கு. அப்ப விதிப்படி எனக்கு நிரந்தர வேலை..."

யென் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "பகா எண் கண்டுபிடிச்சாத்தானேப்பா? நீ கண்டுபிடிச்சது எட்டுல முடியுதே."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

சான்றிதழை அவனிடம் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நிலவறைக்குப் போனேன். ஒரு அட்டைப் பெட்டியில் கோப்பையும் செருப்பும் மகள் வரைந்த படமும் எடுத்து வைத்திருந்தான். சான்றிதழை வாங்கி முழுக்கப் படித்தான்.

"என்னைத் தவிர யாருமே இல்ல பாருங்கக்கா," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாசமாப் போறவனுங்க," என்றேன். சத்தமாகவே சொன்னேன், மேலே கேட்டால் கேட்கட்டும்.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து ஒன்று போட்டான். ஊதிக் காய வைத்தான். அப்புறம் கைநீட்டி இயந்திரத்தின் தலையிலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்தான். ஓடுகிற இயந்திரத்தின் பொட்டலத்தை யாரும் தொடுவதில்லை. அவன் தேதியைப் பார்த்தான், பிரித்தான், என்னிடம் நீட்டினான்.

"இன்னும் காலாவதி ஆகலக்கா. சாப்பிடுங்க."

நின்றபடியே இரண்டு பேரும் தின்று முடித்தோம். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சியாயியில் மாமனாரின் வான்கோழிச் சோற்றுக் கடையில் இருக்கிறான். மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விடுகிறானாம். அவள் வகுப்பில் யாரோ 'எட்டு மாமா மகள்' என்று பேர் வைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

வசந்தத்தில் எங்கள் ஆண்டறிக்கை வந்தது. வழவழத் தாள், சிவப்பு அட்டை. இயக்குநர் முன்னுரையில் எல்லாம் ஏறுமுகம்: கூட்டங்கள் கூடுதல், குழுக்கள் கூடுதல், பொட்டலங்கள் கூடுதல். அச்சுக்குப் போகுமுன் ஷியாவ் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். யென் பார்த்தார். பொட்டலக் குழு பார்த்தது. கடைசிப் பக்கத்தில் பணியாளர் எண்ணிக்கை, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு: கழித்தல் ஒன்று. அந்தக் கழித்தல் குறியை எடுக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை.